புரோக்கர் யாருடைய ஆள்?

சிவகிரியில் விற்பனைக்கு இருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் வாசலில் பலகை தொங்காது. விற்பது வெளியே தெரிந்தால் கடன்காரர்கள் வந்து நிற்பார்கள், சொந்தக்காரர்கள் கேள்வி கேட்பார்கள் என்று வீட்டுக்காரர்கள் கமுக்கமாகவே விலை பேசுவார்கள். அந்தச் செய்தி முதலில் போய்ச் சேரும் இடம் புரோக்கரின் காது. ராஜபாளையத்துக்கோ சங்கரன்கோவிலுக்கோ தினமும் வேலைக்குப் போய் வருபவர், திருப்பூரிலும் வளைகுடாவிலும் பத்து வருடம் உழைத்துச் சேர்த்ததோடு ஊர் திரும்புபவர், மாற்றலாகி வந்த ஆசிரியை என்று முதல் வீடு வாங்க வரும் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. தாண்டிப் போக வேண்டியதும் இல்லை. ஊரின் எந்தத் தெருவில் எந்த வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்பதை நல்ல புரோக்கர் ஒருவர் சார்பதிவாளர் அலுவலகப் பதிவேட்டைவிடச் சரியாக வைத்திருப்பார்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கிரயம் முடிந்தால்தான் அவருக்குப் பணம். "இந்த வீடு வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்று அவர் உங்களிடம் சொன்னால் அவருடைய இரண்டு மாத அலைச்சலுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. அது அவருடைய குணக்கேடு இல்லை, தொழிலின் அமைப்பு அப்படி. அதனால் அவரிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது என்பதை நீங்கள்தான் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆள்களைப் பற்றி, தெருவைப் பற்றி, விலையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். பத்திரம் சரியா என்ற கேள்வியை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். பணத்தை அவர் கை வழியாக அனுப்பாதீர்கள்.

கமிஷனை முதலில் பேசுங்கள்

பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் தொடங்கும்.

"அண்ணாச்சி, கமிஷன் எப்படி?"

"அதுக்கென்ன தம்பி, பாத்துக்கிடலாம். மொதல்ல வீட்டப் பாருங்க. பிடிச்சிருந்தா பேசுவோம்."

இந்த இடத்தில் கூச்சப்பட்டு நின்றுவிடுகிறோம். பெரியவரிடம் காசைப் பற்றி முதலிலேயே பேசுவது மரியாதை இல்லை என்று தோன்றும். ஆனால் வீடு மனதுக்குப் பிடித்துப்போன பிறகு கமிஷன் பேச உங்களுக்கு வலு இருக்காது. "அண்ணாச்சி, நீங்க கேக்கறதைக் குடுக்கத்தான் போறேன். எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் நான் லோன் கணக்குப் போட முடியும்" என்று தன்மையாகச் சொல்லிக் கேட்டுவிடலாம். யாரும் கோபப்பட மாட்டார்கள்.

கைமாறும் பழைய வீட்டுக்கு இவ்வளவுதான் கமிஷன் என்று சட்டம் எதையும் வரையறுக்கவில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு சதவீதம் முதல் இரண்டு சதவீதம் வரை என்பது பரவலான வழக்கம். ஒரே புரோக்கர் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் வாங்குவதும் வழக்கம்தான். இரண்டு பக்கமும் வாங்குவதில் தப்பில்லை, அது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்கும் வரை. ஆகவே நேரடியாகக் கேளுங்கள்: "வீட்டுக்காரரும் உங்களுக்குத் தர்றாரா?" தருகிறார் என்றால் அவர் உங்களுக்காக மட்டும் விலை பேசும் ஆள் இல்லை, நடுவில் நின்று முடித்துக் கொடுக்கும் ஆள். விலையைக் குறைக்கும் வேலையை அப்போது நீங்களே செய்ய வேண்டும்.

வாங்குபவருக்கு அதிகம் நட்டம் தருவது இன்னொரு ஏற்பாடு. வீட்டுக்காரர் புரோக்கரிடம், "எனக்குப் பதினெட்டு லட்சம் வந்தால் போதும், மேல வர்றது உங்களுக்கு" என்று சொல்லியிருப்பார். புரோக்கர் உங்களிடம் 21 லட்சம் என்பார். உங்களையும் வீட்டுக்காரரையும் தனியாகப் பேச விடமாட்டார், எப்போதும் நடுவில் உட்கார்ந்திருப்பார். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, விலை பேச்சின் கடைசிக் கட்டத்தில் வீட்டுக்காரரோடும் அவர் மனைவியோடும் நேரில் உட்கார்ந்து, "உங்க கைக்கு மொத்தம் எவ்வளவு வருது?" என்று கேட்பதுதான். புரோக்கரும் கூட இருக்கட்டும். மறைக்க எதுவும் இல்லாதவர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்.

சட்டம் உங்களைக் கைவிட்டுவிடவும் இல்லை. நீங்கள் ஒருவரை உங்களுக்காக வீடு பார்க்கச் சொல்லி அமர்த்தினால், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அவர் உங்கள் முகவர். உங்களுக்குத் தெரியாமல் அந்த வியாபாரத்தில் தன் கணக்கில் லாபம் பார்த்தால் அந்த லாபத்தை உங்களிடம் ஒப்படைக்கும்படி கேட்க அந்தச் சட்டத்தின் 216-ஆம் பிரிவு வழி தருகிறது. அவர் உங்களுக்காக அமர்த்தப்பட்டவர் என்பதற்கு ஏதாவது எழுத்து வேண்டும், அவ்வளவுதான். அரைப் பக்கம் போதும்: இன்னார் இன்னாருக்காக வீடு பார்த்துத் தருகிறார், கமிஷன் இவ்வளவு, பத்திரப் பதிவு முடிந்த பிறகே தரப்படும், விற்பவரிடமும் கமிஷன் வாங்குவதாக இருந்தால் அந்தத் தொகை இவ்வளவு, இதைத் தவிர வேறு எந்தப் பணமும் அவருக்கு வராது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பல தலைமுறைகளாக வாங்குபவரின் தரகருக்கான கமிஷனும் விற்பவர் பக்கத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. அது வழக்காகி, சமரசமாகி, 2024 ஆகஸ்ட் 17 முதல் வாங்குபவர் தன் தரகரோடு எழுத்தில் உடன்பாடு செய்துகொண்ட பிறகே வீடு பார்க்கப் போக வேண்டும் என்று அங்குள்ள பெரும் தரகர் சங்கம் விதி செய்தது. அவ்வளவு பெரிய சந்தையிலேயே இதை எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், சிவகிரியில் நாம் ஒரு தாளில் எழுதிக் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அவருக்கு மட்டும் தெரிந்தவை

புரோக்கரின் உண்மையான மதிப்பு இங்கேதான். எந்த இணையதளத்திலும் வராத செய்திகள் அவரிடம் இருக்கின்றன. ஏன் விற்கிறார்கள், எத்தனை மாதமாக விற்பனைக்கு இருக்கிறது, முன்பு யாராவது அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் திரும்பப் போனார்களா, போனால் எதனால்? கோடையில் அந்தத் தெருவில் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, போரில் தண்ணீர் எத்தனை அடியில், பக்கத்து வீட்டோடு சுவர் தகராறு உண்டா, சாக்கடை எந்தப் பக்கம் போகிறது? இவற்றை வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது கேட்டாலே பாதி வந்துவிடும்.

எத்தனை பிள்ளைகள் என்று கட்டாயம் கேளுங்கள். அதோடு, பெண் பிள்ளைகளை எங்கே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். "பொம்பளப் பிள்ளைகளுக்கு நகையும் சீரும் செஞ்சாச்சு, அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்ற பதில் வந்தால், அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடாக இருந்து, உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது, நாடு முழுவதற்கும் 2005-இல் வந்தது, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் உறுதியாக்கியது. கோவில்பட்டியிலோ மும்பையிலோ இருக்கும் அந்த மகள் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அதற்கு முன்பே விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுத்திருக்க வேண்டும். சீர் செய்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. வாரிசுகளில் மைனர் இருந்தால், அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படும் என்பதால் அந்த வீட்டை நோக்கி அடுத்த அடி வைக்கும் முன்பே வழக்கறிஞரிடம் போய்விடுங்கள்.

அடுத்தது ஒத்தி. நம் பக்கத்தில் வாடகைக்கு விடுவதைப் போலவே ஒத்திக்கு விடுவதும் சாதாரணம். இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பார்கள், வெளியேறும்போது முழுத் தொகையும் திரும்ப வேண்டும். சட்டப்படி அதைப் பதிய வேண்டும் என்றாலும், பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பதியாத ஒத்தி வில்லங்கச் சான்றில் வராது. நீங்கள் கிரயம் முடித்துச் சாவிக்காகப் போனால், "என் பணத்தை வச்சா நான் காலி பண்றேன்" என்று உள்ளே ஒரு குடும்பம் இருக்கும். அவர்கள் கேட்பதும் நியாயமான பணம்தான். ஆகவே வீட்டில் யார் இருக்கிறார்கள், வாடகையா ஒத்தியா, எவ்வளவு என்று புரோக்கரிடம் கேட்டுவிட்டு, அதே கேள்வியைக் குடியிருப்பவரிடமும் தனியாகக் கேளுங்கள். ஒத்தித் தொகையை விற்பவருக்கு நீங்கள் தர வேண்டிய கடைசித் தவணையில் கழித்து, உங்கள் முன்னிலையில் அவர்களுக்கே கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்வது பாதுகாப்பான வழி.

புரோக்கர் இல்லாமல் ஒரு சாயங்காலம் அந்தத் தெருவுக்குப் போய் வாருங்கள். வீட்டில் பெண்களையும் கூட்டிப் போங்கள். அடுத்த வீட்டு அக்கா பத்து நிமிடத்தில் சொல்வதை எந்தத் தரகரும் சொல்ல மாட்டார்: மழைக்காலத்தில் எங்கே தண்ணீர் நிற்கும், வாசலில் போகும் நடைபாதை பொதுவா அந்த வீட்டுக்குச் சொந்தமா, இதற்கு முன் வந்து பார்த்தவர்கள் ஏன் வாங்கவில்லை என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

காகிதத்தை நீங்களே எடுங்கள்

"ஈசி கையிலயே இருக்கு சார், ஜெராக்ஸ் தர்றேன்" என்று சொல்லிப் புரோக்கர் ஒரு தாளை நீட்டுவார். நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975 முதலான வில்லங்க விவரத்தைச் செலவில்லாமல் நீங்களே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். தளத்தில் தேடும்போது ஒரு கவனம்: ஈரோடு மாவட்டத்திலும் ஒரு சிவகிரி உண்டு. மண்டலம் திருநெல்வேலி, பதிவு மாவட்டம் தென்காசி என்று சரிபார்த்த பிறகே அலுவலகத்தைத் தேர்ந்தெடுங்கள். தப்பான சிவகிரியில் தேடி "பரிமாற்றம் எதுவும் இல்லை" என்று வந்தால் அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

ஊருக்குள் இருக்கும் பழைய வீடுகள் பெரும்பாலும் நத்தத்தில் இருக்கும். நத்தம் நிலவரித் திட்டத்தில் அந்த மனைகள் அளக்கப்பட்டுப் புது எண்கள் கொடுக்கப்பட்டன. அதற்கு முந்தைய பத்திரங்களில் பழைய சர்வே எண்தான் இருக்கும். புது எண்ணை மட்டும் போட்டு வில்லங்கம் பார்த்தால் அதற்கு முன் நடந்த கிரயமோ அடமானமோ கண்ணில் படாமல் போகும். பழைய எண், புது எண், உட்பிரிவு எண் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். சிவகிரி ஜமீனாக இருந்த ஊர். 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே இந்த நிலங்கள் ரயத்துவாரிக் கணக்குக்கு வந்தன. அதனால் மிகப் பழைய மூலப் பத்திரங்களில் பைமாஷ் எண் என்று ஒன்று வரலாம். அளவும் முழக்கணக்கில் இருக்கலாம். அதை இன்றைய சர்வே எண்ணோடும் சதுர அடியோடும் பொருத்திக் காட்டும் வேலை அனுபவமுள்ள வழக்கறிஞருடையது.

ஒரே வீட்டின் பத்திரங்களில் மாவட்டப் பெயர் மாறி மாறி வருவதைப் பார்த்துச் சிலர் பயந்துபோகிறார்கள். பயப்பட வேண்டாம். பழையதில் திருநெல்வேலி மாவட்டம், சங்கரன்கோவில் தாலுகா என்று இருக்கும். 1986-க்கும் 1997-க்கும் இடையில் எழுதியதில் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று இருக்கும். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானதற்குப் பிந்தியதில் தென்காசி மாவட்டம், சிவகிரி வட்டம் என்று இருக்கும். கவனிக்க வேண்டியது மாவட்டத்தை அல்ல, நான்கு எல்லையையும் அளவையும். போன பத்திரத்தில் கீழ்மேல் அளவு 24 அடி, இந்தப் பத்திரத்தில் 27 அடி என்றால் அந்த மூன்று அடி எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அது பக்கத்து வீட்டுக்காரரின் சந்திலிருந்தோ பொதுப் பாதையிலிருந்தோ வந்திருக்கும். சர்வேயரை வைத்து அளக்காமல் பழைய வீடு வாங்காதீர்கள்.

பட்டா, புலப்படம், 'அ' பதிவேடு ஆகியவற்றை வருவாய்த்துறை இணையதளத்தில் எடுக்கலாம். கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்ற பெயர்கள் யாருடையவை என்று கேளுங்கள். கோயில் நிலமோ புறம்போக்கோ என்ற சந்தேகம் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் ஒருவர் அனுபவத்தில் இருக்கிறார் என்பதற்கு அடையாளமே தவிர, உரிமைக்குச் சான்று ஆகாது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் நோக்கிப் போகும் இடங்களில், அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா, கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டுமா என்பதையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூலப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். "லாக்கர்ல இருக்கு", "மூத்தவர்ட்ட இருக்கு" என்று இழுத்தால், அது வங்கியிலோ தனியாரிடமோ அடகில் இருக்க வாய்ப்புண்டு. வழக்கறிஞரை நீங்கள் தேர்ந்தெடுங்கள், புரோக்கர் கூட்டிவரும் வழக்கறிஞர் வேண்டாம். வாரம் இரண்டு கிரயத்தை அவரிடம் கொண்டுவரும் புரோக்கரை எதிர்த்துக் கருத்து எழுத அவருக்குச் சங்கடமாக இருக்கும். ஊர்ச் சங்கடம் வேண்டாம் என்றால் தென்காசியிலோ ராஜபாளையத்திலோ ஒருவரைப் பாருங்கள். வங்கிக் கடன் வாங்கினால் வங்கியின் வழக்கறிஞரும் பார்ப்பார், அது நல்லதுதான். ஆனால் அவர் பார்ப்பது வங்கிக்காக. அந்தக் கருத்தின் பிரதியை வங்கியில் கேட்டுப் பெற முயலுங்கள்.

பணம் எந்த வழியாகப் போகிறது

"இன்னொரு பார்ட்டி நாளைக்கு வர்றாங்க, பத்தாயிரம் டோக்கன் போட்டு வச்சிருங்க" என்ற அவசரத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. டோக்கன் கொடுப்பதாக இருந்தால் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்புங்கள். அதற்கு ஒரு ரசீது வாங்குங்கள். ரசீதில் வீட்டின் விவரம், பேசிய முழு விலை, அதோடு இந்த ஒரு வரி இருக்க வேண்டும்: 'மேற்படி சொத்தின் ஆவணங்களில் குறை இருப்பதாக வாங்குபவரின் வழக்கறிஞர் எழுத்தில் தெரிவித்தாலோ, வங்கி கடன் தர மறுத்தாலோ, இந்தத் தொகை 15 நாள்களுக்குள் திரும்பத் தரப்படும்.' இந்த வரிக்கு ஒப்புக்கொள்ளாத இடத்தில் டோக்கன் போடாமல் இருப்பதே நல்லது. வேறு பார்ட்டி வந்து வாங்கிவிட்டால் போகட்டும். சிவகிரியில் அதுதான் கடைசி வீடு என்பதில்லை.

பெரிய அட்வான்ஸ் கொடுக்கும் முன் கிரய ஒப்பந்தம் போடுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தையும் கிரயத்தை நிறைவேற்றிக் கேட்கும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது உண்மைதான். ஆனால் பதிந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். உங்களிடம் அட்வான்ஸ் வாங்கிய வீட்டை இன்னொருவருக்கு விற்க முடியாமல் செய்ய அதைவிட நல்ல வேலி இல்லை. பதிவுச் செலவைக் காரணம் காட்டிப் புரோக்கர் வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தத்தில் கெடு தேதி, வீட்டைக் காலி செய்து தரும் தேதி, எந்தெந்த வாரிசுகள் கையெழுத்துப் போடுவார்கள் என்பதெல்லாம் வர வேண்டும்.

அடுத்து, பத்திரத்தில் எவ்வளவு காட்டுவது என்ற பேச்சு வரும். "கைடுலைன் மதிப்புக்குப் பதிஞ்சிரலாம், மிச்சம் ரொக்கம்" என்பது பழகிப்போன வாசகம். இதனால் முத்திரைச் செலவு குறையும் என்பார்கள். குறைவது உங்களுக்கு, ஆனால் ஆபத்தும் உங்களுக்குத்தான். அசையாச் சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பத்திரத்தில் காட்டிய விலையை ஒட்டித்தான் வங்கி கடன் கணக்குப் போடும். நாளைக்கு உரிமையில் பிரச்சினை வந்து பணத்தைத் திரும்பக் கேட்டால் பத்திரத்தில் இருக்கும் தொகைக்குத்தான் உங்களிடம் சான்று இருக்கும். பிறகு நீங்களே விற்கும்போது, வாங்கிய விலை குறைவாக இருப்பதால் லாபம் அதிகமாகத் தெரிந்து வரியும் கூடும்.

செலவைச் சரியாகக் கணக்குப் போட்டால் இந்த ஆசை வராது. 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்று வரியும் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சத்துக்குக் கிரயம் என்றால் 1,80,000 ரூபாய். புரோக்கர் கமிஷன் இரண்டு சதவீதம் என்றால் 40,000. பத்திர எழுத்தர், வழக்கறிஞர், அளவைச் செலவு தனி. வீட்டுக் கடனில் 30 லட்சம் வரை சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம் என்றாலும், 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு இந்தப் பதிவுச் செலவு அந்த மதிப்பில் சேராது. ஆக 20 லட்ச வீட்டுக்குக் கையில் குறைந்தது நான்கரை லட்சம் வேண்டும். வீட்டின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து பெண்ணின் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும். சிறிய வீடு வாங்குபவர்கள் மனைவியின் பெயரிலோ அம்மாவின் பெயரிலோ பதிவதைப் பற்றி யோசிக்க இது நல்ல காரணம்.

பவர் பத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரின் வீட்டுக்காரர்கள் பலர் மும்பையிலும் கேரளத்திலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். சில இடங்களில் புரோக்கரே பவர் ஏஜென்டாக இருப்பார். அப்போது அவர் தரகர் அல்ல, விற்பவரின் இடத்தில் நிற்பவர். அவருக்குக் கமிஷன் தர உங்களுக்குக் கடமை இல்லை. பவர் கொடுத்தவர் இறந்த நிமிடத்தில் பவரும் முடிந்துவிடும் என்பது பொது விதி. பத்திரம் பதியும்போது அவர் உயிரோடு இருப்பதற்கான மருத்துவர் சான்று கேட்கப்படும். அதோடு நிற்காமல், அவரை நீங்களே வீடியோ அழைப்பில் பாருங்கள். "ஐயா, உங்க வீட்டை இவ்வளவு விலைக்கு நான் வாங்கறேன், பணத்தை உங்க கணக்குக்கே போடறேன்" என்று சொல்லுங்கள். முகம் தெளிந்திருந்தால் மேலே போகலாம். விலையைக் கேட்டுத் திடுக்கிட்டால், உங்களுக்குச் சொல்லப்பட்டது வேறு, அவருக்குச் சொல்லப்பட்டது வேறு என்று தெரிந்துகொள்ளலாம். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். பவரையும் ஒப்பந்தத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு வீடு உங்களுடையது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி உரிமை மாறாது, பதிந்த கிரயப் பத்திரத்தால்தான் மாறும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வேனில் கூட்டிப் போகும் புரோக்கர்

ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக் கூட்டிப்போய் மனை காட்டி, சாப்பாடும் போட்டு, ஒரு கிராம் தங்கக் காசு தருகிறோம் என்று சொல்லும் தரகர் வேறு வகை. இங்கே வழி எளிது, ஏனென்றால் சட்டம் இங்கே வலுவாக இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ எட்டு வீட்டுக்கு மேற்பட்ட குடியிருப்போ தமிழ்நாடு ரெராவில் பதிந்திருக்க வேண்டும். அதை விற்றுத் தரும் தரகரும் பதிந்திருக்க வேண்டும். அவர் எண்ணைக் கேட்டு ரெரா தளத்தில் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். மனைப்பிரிவின் எண்ணையும் அதே இடத்தில் பாருங்கள். ஒப்பந்தம் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் உங்களிடம் வாங்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. கைமாறும் பழைய வீட்டைக் காட்டும் நம் தெருப் புரோக்கருக்கு இந்தப் பதிவுக் கட்டாயம் இல்லை என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். அவரிடம் ரெரா எண் இல்லை என்பதற்காக அவரைத் தவறானவர் என்று நினைக்க வேண்டாம்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்கும் மனையை வாங்காதீர்கள். மனைப்பிரிவுக்கு நகர ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 20 வரை உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான் 2017-ஆம் ஆண்டின் வரன்முறை விதிகள் வழி கொடுத்தன. அதற்குப் பிறகு போட்ட அங்கீகாரமற்ற மனைக்கு அந்த வழி இல்லை. "நாலுவழிச் சாலை வரப்போகுது, விலை மூணு மடங்கு ஆகும்" என்பதை நம்பி வாங்குவதற்கு முன், அந்தச் சர்வே எண் சாலைக்காகக் கையகப்படுத்தும் பட்டியலில் இருக்கிறதா என்று தென்காசியில் நில எடுப்பு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பதிவு நாள்

முதல் நாளே வரைவுப் பத்திரத்தை வாங்கி, சொத்து விவரத்தை உரக்க வாசியுங்கள். ஒருவர் மூலப் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எல்லையாகப் பார்க்கட்டும். பெயரின் எழுத்து, ஆதாரில் இருக்கும் முன்னெழுத்து, சர்வே எண்ணின் உட்பிரிவு ஆகிய மூன்றில்தான் பிழை அதிகம் விழும். பதிந்த பிறகு திருத்த வேண்டும் என்றால் விற்றவரைத் திரும்பக் கூப்பிட்டுப் பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டியிருக்கும். அன்றைக்குக் காலையில் வில்லங்கத்தை இன்னொருமுறை பாருங்கள். ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் இடையே எதுவும் நடக்கவில்லை என்று உறுதியாகத் தெரியட்டும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் புரோக்கர் மிக உதவியாக இருப்பார். டோக்கன் வரிசை, சாட்சிகள், வயதான வாரிசைக் கைத்தாங்கலாக அழைத்து வருவது எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். விரல்ரேகையும் புகைப்படமும் முடிந்து வெளியே வந்ததும், எல்லார் முன்னாலும் அவர் கமிஷனைக் கொடுக்கும்படி நெருக்குதல் வரும். ஆரம்பத்தில் எழுதிய அரைப் பக்கத் தாளில் இதற்கு முன்பே ஒரு வரி சேர்த்திருந்தால் நல்லது: முக்கால் பங்கு பதிவு நாளில், கால் பங்கு சாவி கைக்கு வந்து, பட்டா உங்கள் பெயருக்கு மாறிய பிறகு. உட்பிரிவு தேவைப்படாத மனைக்குப் பட்டா மாற்றம் பதிவோடு சேர்ந்தே நடக்கும். உட்பிரிவு செய்ய வேண்டியதற்குச் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அந்த அலைச்சலில் ஊரறிந்த புரோக்கர் கூட இருந்தால் வேலை விரைவாக முடியும், அதற்காகத்தான் அந்தக் கால் பங்கு. கமிஷனை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பேசிய தொகையில் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள். மின் இணைப்பும் வீட்டு வரியும் குடிநீர் இணைப்பும் பெயர் மாறிய பிறகு அந்த ரசீதுகளை எல்லாம் கிரயப் பத்திரத்தோடு ஒரே கோப்பில் வைத்து, ஸ்கேன் எடுத்து இன்னொரு பிரதியை வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.